மண்ணறிந்து கரி செய்வோம்

அறுவடை முடிந்ததும் பருத்தி மாரும் துவரை மாரும் வயலோரத்தில் தீயிடப்படுவதைப் பல கிராமங்களில் நாம் காண்கிறோம். திறந்த வெளியில் எரியும் கழிவின் கரிச்சத்து பெரும்பாலும் காற்றோடு கலந்துவிடும், எஞ்சுவது சாம்பலே. காற்றைக் கட்டுப்படுத்தி அதே கழிவைச் சூடேற்றினால் கிடைப்பது உயிர்க்கரி. இது மண்ணில் நெடுங்காலம் நிலைத்து, நீரையும் சத்துக்களையும் பிடித்து வைக்க உதவுகிறது. எனினும், கரி என்றால் எல்லாம் ஒன்றே என்று கருதலாகாது. அதன் குணம், அது எவ்வாறு செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது.

முதலாவது, வெப்பம். 300 முதல் 400 டிகிரி சென்டிகிரேட் வரையிலான வெப்பத்தில் கரி மிகுதியாகக் கிடைக்கும். தழைச்சத்தில் ஒரு பகுதியும் தங்கும். 600 டிகிரியை எட்டினால் கரியின் அளவு குறையும். தழைச்சத்தும் பெரிதும் வெளியேறிவிடும். ஆனால் நுண்துளைகள் பெருகும். மண்ணில் நிலைத்திருக்கும் காலமும் நீளும். அதே சமயம் காரத்தன்மையும் ஏறும். இங்கேதான் விவசாயிகள் கவனமாயிருத்தல் வேண்டும். நீலகிரி போன்ற அமில மண்ணுக்கு இக்காரத்தன்மை நன்மை செய்யும். ஏற்கெனவே காரம் மிகுந்த கரிசலிலும் களர் நிலத்திலும் அதுவே தீமையாய் முடியலாம். அத்தகைய நிலங்களுக்குக் குறைந்த வெப்பத்தில் செய்த கரியே ஏற்றது. அதனையும் முதலில் சிறு பாத்தியில் இட்டுப் பார்த்தல் நலம்.

இரண்டாவது, காற்று. மூடியுள்ள பீப்பாயில் இடுக்கு வழியே காற்று புகுந்தால் கரி சாம்பலாகும். கூம்புக் குழியில் செய்வோர் மேலே சுடர் எரியுமாறு கழிவைச் சிறிது சிறிதாக இட வேண்டும். மேற்பரப்பில் வெண்சாம்பல் படரத் தொடங்கியதும் அடுத்த அடுக்கை இட்டு, முடிவில் நீர் தெளித்து முற்றிலும் அணைக்க வேண்டும். இம்முறையில் வெப்பம் பெரும்பாலும் 600 டிகிரிக்கு மேற்செல்லும் என்பதை நினைவில் கொள்க.

மூன்றாவது, மூலப்பொருள். ஈரமான மார் புகையைப் பெருக்கி வெப்பத்தை வீணாக்கும். ஆதலின் நன்கு உலர்த்துதல் அவசியம். உமியில் மணற்சத்து மிகுதி. எனவே உமிக்கரியில் சாம்பலின் பங்கு அதிகம், கரிச்சத்தின் பங்கு குறைவு. பருத்தி மாரின் கரியிலோ கரிச்சத்து மிகும். கால்நடைக்குத் தீவனமாகும் வைக்கோலைக் கரியாக்குவது சிக்கனமாகாது.

செய்த கரியைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஆறிய கரியை விரல்களில் தேய்த்து நீரில் கழுவுக. கறை எளிதில் நீங்கினால் நன்கு வெந்தது. எண்ணெய்ப் பிசுக்குப்போல் ஒட்டினால் சரியாக வேகவில்லை. புதுக்கரியைத் தனியே இட்டால் அது மண்ணின் தழைச்சத்தைச் சில காலம் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே தொழு உரத்துடன் கலந்து சில வாரம் ஊறவிட்டு இடுக. பொடியாக்கும்போது நீர் தெளித்து, மூக்கைத் துணியால் மூடிக்கொள்க.

ஆதலின், மண் பரிசோதனையை முதலில் செய்வோம். கரி செய்யும் முறையை அதன் பின்னர்த் தேர்ந்தெடுப்போம். தனி ஒருவரால் பீப்பாய் வாங்க இயலாத இடத்தில், சிலர் கூடிப் பொதுவில் வாங்கி முறை வைத்துப் பயன்படுத்தலாம். வயலோரத்தில் வீணாகும் கழிவு அந்த வயலுக்கே வளமாகட்டும்.