பத்து எண் யாருக்குச் சொந்தம்?

விலை கொடுத்தால் பொருள் தருவது வாணிபம். விலையையும் வாங்கிக்கொண்டு விலாசத்தையும் கேட்பது எந்த ஊர் வாணிபம்? அம்பாசமுத்திரம் கடைத்தெருவிலும் இன்று இக்கேள்வி எழத்தான் செய்கிறது. ஒரு சோப்புக் கட்டி வாங்கினாலும் "நம்பர் சொல்லுங்க" என்கிறார்கள். ஏன் என்று கேட்பாரில்லை, எதற்கென்று சொல்வாருமில்லை.

பழைய மளிகைக்கடையிலும் பற்று நோட்டு இருந்தது. பெயர் இருந்தது, பாக்கி இருந்தது. ஆனால் அந்த நோட்டு கடைக்காரர் பெட்டியடியை விட்டு நகர்ந்ததில்லை. இன்று நாம் சொல்லும் எண் கம்ப்யூட்டரில் ஏறி, நாம் காணாத ஊருக்குப் போய், நாம் அறியாதவர் கையில் சேரக்கூடும். அந்த எண்ணில்தான் வங்கிக் கணக்கு இருக்கிறது. அந்த எண்ணுக்குத்தான் ரகசியக் குறியீடு வருகிறது. வரிசையில் நிற்கும் இளம்பெண் அந்தப் பத்து எண்ணையும் உரக்கச் சொல்கையில், பின்னால் நிற்பவன் காதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டாமா?

"தள்ளுபடி தருகிறோம், பாயிண்ட் தருகிறோம்" என்பார்கள் வணிகர்கள். தாராளமாகத் தரட்டும்! இன்ன காரியத்துக்கு என்று சொல்லிக் கேட்கட்டும், விரும்பியவர் கொடுக்கட்டும். கொடுக்காவிட்டால் பில் இல்லை என்பதுதான் அக்கிரமம். சரக்கு-சேவை வரி விதிகள் பில்லில் இருக்கவேண்டிய விவரங்களை வரிசைப்படுத்துகின்றன. வாங்குவோரின் தொலைபேசி எண் அவற்றில் இல்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். எண்ணைக் கொடுக்கும்படி வாடிக்கையாளரை வற்புறுத்துவது நியாயமற்ற வணிகமுறை என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத்துறை எச்சரித்தது. அதே ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது. அச்சட்டமே ஓர் உதாரணம் சொல்கிறது: மருந்துக்கடையில் ரசீதை அனுப்பச் சொல்லி ஒருவர் எண் கொடுத்தால், ரசீது அனுப்ப மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். தெளிவான பேச்சு!

ஆனால் சட்டத்தின் நடை ஆமை நடை. 2023 ஆகஸ்டில் ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்ற சட்டத்துக்கு விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று. மக்களின் சம்மதம் பற்றிய பிரிவுகளுக்கோ அதன் பிறகும் 18 மாதத் தவணை! ஏழை வாங்கிய கடனுக்கு இத்தனை தவணை கிடைக்குமா? வியாபாரிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

பில் போடும் தொழிலாளியிடம் சீறிப் பயனில்லை, தோழர்களே. எண் கேட்கும்படி அவருக்கு உத்தரவு. கேட்காவிட்டால் அவருக்கு ஏச்சு. கேள்வி முதலாளியை நோக்கிச் செல்லட்டும். எண் கட்டாயமில்லை என்று கல்லாவருகே ஒரு அட்டை தொங்கவிட அவருக்கு என்ன செலவு? நம் ஊர் வணிகர் சங்கங்கள் இதை முன்னின்று செய்தால், நாடே நல்வழி காணும்.

நம் பங்கும் உண்டு. "எதற்கு?" என்று கேட்போம். காரணம் சரியில்லையென்றால் மறுப்போம். பில் தர மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுவோம். வேண்டாத விளம்பர அழைப்புகள் தொல்லை தந்தால் 1909-இல் புகார் செய்வோம். கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், பறிக்கும் பழக்கம் தானே ஒழியும்.