புள்ளிக்கு அடுத்து எந்தச் சொல்?

விருத்தாசலம் சூளைகளில் வெந்த அகல் விளக்குகள் கார்த்திகைக்குத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் வாசல்தோறும் எரிகின்றன. வாங்கியவருக்கு அவற்றைச் செய்த பட்டறையின் பெயர் தெரியாது. மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று இரண்டு கை மாறுவதற்குள் அந்தப் பெயர் காணாமல் போய்விடுகிறது. நெய்வேலிச் சுரங்கத்து வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே கிடைக்கிறது. செராமிக் படிப்புக்கென்றே அரசு நடத்தும் தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது. தனித் தொழிற்பேட்டையும் உண்டு. இத்தனை இருந்தும் பெயர் மட்டும் வெளியே போகவில்லை. அதனால் விருத்தாசலத்திலோ, மேற்கே திட்டக்குடிப் பக்கத்து மங்களூரிலோ புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் முதல் வருடமே சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

வைக்கலாம் என்று முடிவெடுத்தவுடன் வரும் கேள்வி, டாட் காமா, டாட் இன்னா என்பது. டொமைன் என்னும் இணைய முகவரியை விற்கும் தளத்தில் பெயரைத் தட்டினால் டாட் ஷாப், டாட் ஸ்டோர், டாட் ஆன்லைன் என்று வரிசை நீள்கிறது. எது மலிவோ அதை எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கடைசிச் சொல்லுக்கு ஒரு வேலை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு எடுப்பது நல்லது.

கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று எண்களால்தான் அடையாளம் காண்கின்றன. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்று ஒரே ஒரு பட்டியல் இருந்தது. கலிஃபோர்னியாவில் எலிசபெத் ஃபெயின்லரின் குழு அதைப் பராமரித்து வந்தது. கம்ப்யூட்டர்கள் பெருகவும் ஒரே பட்டியலில் அத்தனையையும் சமாளிக்க முடியவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் அந்தப் பட்டியலைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு நிர்வாகத்திடம் ஒப்படைக்கும் முறையை வகுத்தார். டிஎன்எஸ் என்பது அதுதான்.

தபால் பிரிப்பவர் முகவரியைக் கீழிருந்து மேலாகப் படிப்பதுபோல, டிஎன்எஸ் முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்கிறது. உங்கள் பெயரோடு டாட் இன் சேர்த்து ஒருவர் போனில் தட்டினால், அவருடைய இணைய நிறுவனத்தின் சர்வர் உச்சியில் உள்ள ரூட் சர்வரிடம் ‘டாட் இன் யாருடைய பொறுப்பு?’ என்று கேட்கும். அங்கே கிடைத்த விவரத்தைக்கொண்டு டாட் இன் பதிவகத்தின் சர்வரை அணுகி, ‘இந்தப் பெயர் யாரிடம்?’ என்று கேட்கும். அது கைகாட்டும் சர்வரில்தான் உங்கள் வெப்சைட்டின் எண் கிடைக்கும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆக, புள்ளிக்கு அடுத்த சொல் உங்கள் பெயர் யாருடைய நிர்வாகத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. விலை, விதி, வழக்கு எல்லாம் அந்த நிர்வாகத்தைப் பொறுத்தவை.

டாட் காம் 1985இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு மார்ச் 15இல் பதிவான சிம்பாலிக்ஸ் டாட் காம்தான் அதில் முதல் பெயர். இன்று அதை நடத்துவது வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். டாட் இன் 1989இல் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டது. தொடக்கத்தில் கெடுபிடி அதிகம். பெயர் வாங்கியவர்கள் சில ஆயிரம் பேர்தான். 2005இல் நிக்ஸி என்ற இந்திய அமைப்பின் பொறுப்பில் கதவு அகலத் திறந்தது. இப்போது யாரும் எந்த நாட்டிலிருந்தும் டாட் இன் வாங்கலாம். எனவே டாட் இன் என்றாலே இந்தியக் கம்பெனி என்று நம்பிவிடக் கூடாது.

டொமைனை ‘வாங்கினேன்’ என்கிறோம். உண்மையில் அது வாடகை. ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் எடுக்க முடியும். நிர்வாகம் விதியை மாற்றினால் வாடகைக்கு இருப்பவர் கட்டுப்பட வேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோது, பிரிட்டனில் இருந்தவர்களில் பெரும்பாலோர் டாட் இயு வைத்திருக்கும் தகுதியை இழந்தார்கள். 2021 ஜனவரியில் ஏறத்தாழ 80,000 பெயர்கள் முடக்கப்பட்டன. இலவசம் என்று அள்ளிக் கொடுக்கப்பட்ட பெயர்களின் கதை இதைவிட மோசம். ஃப்ரீநாம் என்ற நிறுவனம் டாட் டிகே, டாட் ஜிஏ முதலிய பெயர்களைக் காசில்லாமல் கொடுத்தது. மோசடிக்காரர்கள் அங்கே குவிந்தார்கள். அந்தப் பெயர்களிலிருந்து வரும் மின்னஞ்சலை எல்லாரும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். 2023இல் ஃப்ரீநாம் புதுப் பதிவை நிறுத்தியது. காபோன் நாடு தன் டாட் ஜிஏவைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது லட்சக்கணக்கான பெயர்கள் ஒரேயடியாக அழிந்தன. நேர்மையாகக் கடை நடத்தியவரின் பெயரும் அவற்றோடு சேர்ந்து போயிற்று.

விலையில் கவனிக்க வேண்டியது இரண்டாம் ஆண்டுத் தொகை. புது வகைப் பெயர்கள் பல, முதல் ஆண்டு நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அடுத்த ஆண்டு புதுப்பிக்கப் போனால் தொகை ஆயிரங்களில் நிற்கும். டாட் காமின் மொத்த விலைக்கு ஒப்பந்தப்படி ஒரு வரம்பு உண்டு. இந்தப் புதியவற்றுக்கு அப்படி எதுவும் கிடையாது. டாட் ஷாப் என்று இருந்தால் கூகுள் முன்னால் காட்டும் என்பதும் விற்பனைப் பேச்சுதான். நாட்டுக்குரிய பெயரை மட்டும், எந்த நாட்டு வாடிக்கையாளருக்கான தளம் என்பதற்கு ஓர் அடையாளமாகக் கூகுள் எடுத்துக்கொள்கிறது.

நம் பட்டறைக்காரருக்கு இதைவிடப் பெரிய சிக்கல் புள்ளிக்கு முன்னால் இருக்கிறது. விருத்தாசலத்தை ஆங்கிலத்தில் எழுதினால் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். ரயில் நிலையப் பலகையில் ஒன்று, கடைப் பலகையில் இன்னொன்று. மங்களூர் என்று வைத்தாலோ தேடுகிறவர் நேரே கர்நாடகத்துக்குப் போய்விடுவார். அங்கே 1865இல் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையால் உலகமே அறிந்தது மங்களூர் ஓடு. அதுவும் சுட்ட மண் சரக்கு என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, குறுகிய தனிப் பெயர் ஒன்றை வையுங்கள். போனில் ஒரு தடவை சொல்லி, எதிரில் இருப்பவரைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். பிழையில்லாமல் தட்டினால் அந்தப் பெயர் தேறிவிட்டது.

தமிழிலேயே முகவரி வைக்கவும் வழி உண்டு. டாட் இலங்கை 2010இலும், டாட் இந்தியா, டாட் சிங்கப்பூர் இரண்டும் 2011இலும் தமிழ் எழுத்தில் இணையத்தில் ஏறின. டிஎன்எஸ்ஸின் அடித்தளத்தில் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு மட்டுமே புழங்குவதால், தமிழ்ப் பெயர் உள்ளே ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றப்படுகிறது. அந்த மாற்று முறையின் பெயர் பியூனிகோட். சில செயலிகள் தமிழைக் காட்டாமல் அந்தச் சரத்தையே காட்டிவிடும். தமிழ் மின்னஞ்சல் முகவரியை ஏற்காத படிவங்களும் நிறைய. ஆகவே இப்போதைக்கு அதை இரண்டாவது வாசலாக வைத்து, ஆங்கில முகவரிக்குத் திருப்பிவிடுவது சரி.

பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, ‘சிஃபி’ என்ற தன் பெயரைப் போலவே ஒலிக்கும் டொமைனை இன்னொரு நிறுவனம் பயன்படுத்துவதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டாட் காம் தகராறை உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் கொண்டுபோனால் குறைந்தபட்சக் கட்டணமே 1,500 டாலர். டாட் இன் தகராறு நிக்ஸியின் விதிப்படி இந்தியாவிலேயே நடுவர் முன் முடியும். சிறு பட்டறைக்கு இது பெரிய வேறுபாடு. போலித் தளங்களைத் தடுக்க 2025இல் ரிசர்வ் வங்கி நம் வங்கிகளையெல்லாம் ‘டாட் பேங்க் டாட் இன்’ முகவரிக்கு மாறச் சொன்னதும் டாட் இன்னுக்குள்தான்.

என் முடிவு இது: உள்நாட்டில் விற்பவருக்கு டாட் இன் போதும். மலேசியா, சிங்கப்பூர் என்று ஏற்றுமதி நினைப்பு இருந்தால் அதே பெயரில் டாட் காமையும் சேர்த்து எடுங்கள். டாட் காம் ஏற்கெனவே வேறொருவரிடம் இருந்தால், அவர் என்ன விற்கிறார் என்று பாருங்கள். அவரும் செராமிக் விற்பவர் என்றால் உங்கள் பெயரையே மாற்றுங்கள்.

பதிவு செய்யும்போது வெப்சைட் செய்து தருபவரின் பெயரில் போடவிடாதீர்கள். உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் கைபேசி எண் மூன்றும் பதிவில் இருக்க வேண்டும். தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதியை இயக்கிவைத்து, கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். டாட் காம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அபராதத்தோடு திரும்பப் பெறலாம். அதற்குப் பிறகு ஐந்து நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும், முதலில் கேட்பவருக்குக் கிடைக்கும்.