சீனாவுக்குப் போனால் சீனச் சாப்பாடு கிடைக்குமா?



"சீனாக்காரங்க என்ன சாப்பிடுவாங்க?" என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் "பாம்பு, தேள்" என்று சொல்லி முகத்தைச் சுளிப்பார்கள். மீதிப் பேர் "ஃப்ரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன்" என்பார்கள். இரண்டுமே சரியான பதில் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், பணம் கட்டிச் சுற்றுலாக் குழுவோடு சீனாவுக்கே போய் வந்தவர்கள்கூட சில சமயம் இதே பதிலைத்தான் சொல்கிறார்கள். அது ஏன்? அங்கே போகிறவர்கள் அந்த ஊர்ச் சாப்பாட்டை எப்படிச் சாப்பிடலாம்? வாருங்கள், பார்ப்போம்.

மஞ்சூரியன் எந்த ஊர்?

மஞ்சூரியா என்பது சீனாவின் வடகிழக்குப் பகுதி. ஆனால் அங்கே போய் கோபி மஞ்சூரியன் கேட்டால் யாருக்கும் புரியாது! கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங் 1975-ல் மும்பையில் சிக்கன் மஞ்சூரியனைச் செய்தார் என்று சொல்கிறார்கள். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை நம்ம ஊர் முறையில் வதக்கி, அதில் சோயா சாஸைச் சேர்த்தார். பிறகு கோழிக்குப் பதில் காலிஃபிளவர் வந்தது. ஆக, மஞ்சூரியன் நம்ம நாட்டுச் சாப்பாடுதான்.

தேள் கதை

பெய்ஜிங்கில் துங்ஹுவாமென் என்று ஓர் இரவுச் சந்தை இருந்தது. குச்சியில் குத்திய தேளை அங்கே விற்றார்கள். பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள்தான் அதை வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். 2016-ல் அந்தச் சந்தையை மூடிவிட்டார்கள். தெற்கே பாம்பு சூப் குடிக்கும் வழக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் 140 கோடிப் பேரின் தினச் சாப்பாடு அது இல்லை. 2020 பிப்ரவரியில் காட்டு விலங்குகளை உண்பதற்கே சீனா தடை போட்டது. அங்கே வீடுகளில் தினமும் இருப்பது சோறு, நூடுல்ஸ், முட்டைக்கோஸ், கீரை, தோஃபு, மீன், பன்றிக்கறி, தக்காளி போட்டு வதக்கிய முட்டை. இதில் பாதி நம்ம வீட்டிலும் இருக்கு!

குழுச் சாப்பாடு என்றால் என்ன?

சுற்றுலாக் குழுவுக்குப் போடும் சாப்பாட்டுக்குச் சீனாவில் தனிப் பெயரே உண்டு. ஒரு வட்ட மேசைக்கு 10 பேர். நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. வழக்கமான கணக்கு, 8 பதார்த்தம், 1 சூப். தட்டைச் சுற்றிவிட்டு அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் என்ன குறை? குழுவில் 30, 40 பேர் இருப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாரும் சாப்பிட்டு பஸ் ஏறணும். பணம் முன்னாலேயே பேசி முடித்தது. யாரும் குறை சொல்லக் கூடாது. அதனால் காரம் குறைத்து, சீக்கிரம் ஆகிற பதார்த்தமாகப் பார்த்துச் சமைக்கிறார்கள். ஊர் மாறினாலும் மேசையில் அதே முட்டைக்கோஸ், அதே புளிப்பு இனிப்புக் கறி!

இந்தியாவிலிருந்து போகும் குழுக்களில் இன்னொரு விஷயம். ராத்திரி ஆனால் இந்திய ஹோட்டலுக்குக் கூட்டிப் போவார்கள். சில கம்பெனிகள் சமையல்காரரையே கூட அழைத்துப் போவதுண்டு. எங்கள் உறவில் ஒரு பெரியம்மா போய் வந்து, "எட்டு நாளும் சப்பாத்தி, பருப்பு, கொஞ்சம் தயிர்சாதம். நல்லா இருந்துச்சு" என்றார். வயதானவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் அது பெரிய உதவி. அதைத் தப்பு சொல்லக் கூடாது. ஆனால் எட்டு நாளில் ஒரு வேளையாவது அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடலாம்ல?

வடக்கே கோதுமை, தெற்கே அரிசி

சீனாவில் சின்லிங் மலையும் ஹுவாய் ஆறும் ஒரு கோடு மாதிரி. அதற்கு வடக்கே குளிர், மழை குறைவு, கோதுமை விளைகிறது. தெற்கே மழை அதிகம், நெல் விளைகிறது. அதனால் வடக்கே நூடுல்ஸ், ரொட்டி, கொழுக்கட்டை போன்ற ஜியாவ்ஸி. தெற்கே சோறு. இது தெரிந்தால் எந்த ஊரில் எதைக் கேட்பது என்று புரிந்துவிடும். மூன்று ஊரைப் பார்ப்போம்.

1. ஷிஆன்: 1974-ல் கண்டுபிடித்த களிமண் போர்வீரர் சிலைகளைப் பார்க்க பல குழுக்கள் இங்கே போகும். இந்த ஊர்ச் சாப்பாடு யாங்ரௌ பாவ்மோ. முதலில் வெறும் கிண்ணமும் கெட்டி ரொட்டியும் தருவார்கள். ரொட்டியை நாமே கையால் கடலைப் பருப்பு அளவுக்குப் பிய்த்துப் போடணும். பிறகு கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய், ஆட்டுக்கறிச் சாற்றில் கொதிக்க வைத்துத் தருவார்கள். எல்லாரும் பேசிக்கொண்டே நிதானமாகப் பிய்ப்பார்கள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தால் இது நடக்குமா? ஊர்ச் சாப்பாட்டுக்குப் பணத்தைவிட நேரம்தான் முக்கியம் என்பது இதிலேயே தெரியும். இங்கே பியாங்பியாங் என்று பெல்ட் மாதிரி அகலமான நூடுல்ஸும் உண்டு. அந்தப் பெயரின் ஓர் எழுத்தை எழுத 50-க்கும் மேற்பட்ட கோடுகள் போடணும்!

2. செங்டு: காரத்துக்குப் பேர் போன சிச்சுவான் மாநிலத்தின் தலைநகர். 2010-ல் யுனெஸ்கோ இதை உணவுக் கலை நகரம் என்று அறிவித்தது. இங்கே பிறந்தது மாபோ தோஃபு. இந்த ஊர் ருசிக்கு 'மாலா' என்று பெயர். 'மா' என்றால் மரத்துப்போவது, 'லா' என்றால் காரம். ஹுவாஜியாவ் என்ற சின்னக் காயைக் கடித்தால் உதடும் நாக்கும் மரத்து, அதிர்கிற மாதிரி இருக்கும். அந்த அதிர்வு நொடிக்குச் சுமார் 50 தடவை என்று 2013-ல் லண்டனில் செய்த ஆய்வு சொல்கிறது. பயப்பட வேண்டாம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். இது மிளகு வகை இல்லை, எலுமிச்சைக் குடும்பம். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நமக்கும் அப்படித்தான் வந்தது.

3. குவாங்சோ: இங்கே காலையில் 'யாம் சா' போவார்கள். தேநீர் குடிப்பது என்று பொருள். கூடவே சின்னச் சின்ன மூங்கில் கூடைகளில் ஆவியில் வெந்த டிம்சம் வரும். நம் கோப்பையில் யாராவது தேநீர் ஊற்றினால், இரண்டு விரலால் மேசையைத் தட்டணும். அதுதான் அங்கே நன்றி.

ஹோட்டலிலேயே தொடங்கலாம்

வெளியே போகத் தயக்கமா? காலையில் ஹோட்டல் மேசையில் அரிசிக் கஞ்சி இருக்கும். ஊறுகாய்க் காய், வேர்க்கடலை தொட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் ஆங்கிலத்தில் 'காஞ்ஜி' என்று எழுதியிருக்கும். அந்த ஆங்கிலச் சொல் நம்ம தமிழ்க் கஞ்சியிலிருந்து போனது! அவ்வளவு தூரம் போய், நம்ம சொல்லை அங்கே பார்ப்பது பெருமைதானே.

போகிறவர்கள் கவனிக்க

* வழிகாட்டியிடம், "எதைப் பார்க்கணும்?" என்று கேட்பதோடு, "நீங்க உங்க குடும்பத்தோட எங்கே சாப்பிடுவீங்க?" என்றும் கேளுங்கள். ஓய்வு நேரம் கிடைக்கும் நாளில் அங்கே போகலாம்.
* பட்டியலில் வெறும் 'ரௌ' (கறி) என்று இருந்தால் அது பெரும்பாலும் பன்றிக்கறி. 'ஜிரௌ' கோழி, 'யாங்ரௌ' ஆடு, 'நியூரௌ' மாடு. பன்றிக்கறி சாப்பிடாதவர்கள் 'சிங்ஜென்' என்று போர்டு உள்ள முஸ்லிம் கடைகளுக்குப் போகலாம்.
* சைவத்துக்கு 'சூ' என்று பெயர். காய்ப் பொரியலிலும் பன்றிக் கொழுப்போ சிப்பி சாஸோ இருக்கலாம். மாபோ தோஃபுவில் கொத்துக்கறி போடுவார்கள். கோயில் பக்கத்துப் பௌத்த சைவக் கடைகள் நல்லது.
* வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கணும். நமக்கு ஆகாததை வழிகாட்டியிடம் சொல்லிச் சீன எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வாங்கி, கடையில் காட்டுங்கள். ஊமைச் சாடை போதாது.
* குழாய்த் தண்ணீர் வேண்டாம். அங்கே பெரும்பாலும் வெந்நீர் குடிக்கிறார்கள்.
* சாப்பிடும் குச்சியைச் சோற்றில் நட்டு வைக்காதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றுவது போல இருப்பதால் மனம் வருந்துவார்கள்.

கடைசியாக ஒன்று

2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது விருந்தில் தக்காளி ரசமும் அரைச்சுவிட்ட சாம்பாரும் பரிமாறினார்கள். விருந்தாளி நம்ம சாம்பாரைச் சாப்பிட்டால் நமக்கு எவ்வளவு சந்தோஷம்! "ஐயே, இதென்ன?" என்று மூக்கைப் பொத்தினால் எப்படி இருக்கும்? சீன அம்மாவுக்கும் அப்படித்தானே இருக்கும்.

சீனா தூரம். மத்தியானம் டிபன் பாக்ஸ் திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் கிட்டத்தில்தான் இருக்கிறாள். அவள் கருவாடு கொண்டு வந்தாலும், பழையது கொண்டு வந்தாலும், மாட்டுக்கறி கொண்டு வந்தாலும் அது அவள் அம்மா சமைத்தது. பிடிக்கவில்லை என்றால் சாப்பிட வேண்டாம். மூக்கைப் பொத்திச் சிரிக்காமல் இருக்கலாம். அதற்குப் பாஸ்போர்ட் தேவையில்லை!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி