ஐந்து பேர் சேர்ந்தால் கிடைக்கும் இயற்கைச் சான்று

இலத்தூர் குளத்துப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர், கார் பருவமோ பிசானப் பருவமோ, ரசாயனம் தொடாமல் நெல் விளைவித்துவிடலாம். அதை 'இயற்கை நெல்' என்று விற்கப் போனால்தான் சிக்கல். வெளியூர் வியாபாரி சான்று கேட்பார். மேல்வயலில் போட்ட யூரியாவும் தண்ணீரோடு தன் வயலுக்கு இறங்கும். இரண்டுக்கும் தனியாளாகத் தீர்வு காண்பது கடினம்.

சான்று பெற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆய்வாளர் நேரில் வந்து பார்த்துத் தரும் என்.பி.ஓ.பி. (தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம்) சான்று. ஏற்றுமதிக்கு இது வேண்டும். ஆனால் இதன் கட்டணமும் பதிவேடுகளும் சிறு விவசாயிக்குச் சுமை. மற்றொன்று, மத்திய அரசின் பி.ஜி.எஸ். எனும் பங்கேற்பு உத்தரவாத முறை. ஒரே ஊரிலோ பக்கத்து ஊரிலோ குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து உறுதிமொழி எடுத்து, ஒருவர் வயலை மற்றவர்கள் ஆய்வு செய்ய வேண்டும்.

ஆய்வு வரப்போடு நிற்காது. கொட்டகையில் உரமூட்டை கிடக்கிறதா, பஞ்சகவ்யம் எப்போது தயாரித்தது, தெளிப்பான் யாரிடம் இரவல் வாங்கியது என்று கேள்விகள் நீளும். பூச்சிமருந்து அடித்த தெளிப்பானைக் கழுவாமல் பயன்படுத்தினால், பக்கத்து வயல்காரருக்குத் தெரியாமல் போகாது. ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு மாறும் மாற்றக் காலத்தில் 'பி.ஜி.எஸ். கிரீன்' முத்திரை கிடைக்கும்; முழுச் சான்றுக்குப் பருவப் பயிருக்கு 24 மாதமும் தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 36 மாதமும் காத்திருக்க வேண்டும். ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்த வயல்காரர்கள் குழுவில் சேர்ந்தால் மேல்வயல் தண்ணீர்ப் பிரச்சினையும் குறையும்.

இப்படிக் கூடி நின்றதற்குத் தமிழகத்தில் நல்ல முன்னுதாரணம், தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடியில் உள்ள சிட்டிலிங்கி. 1993இல் அங்கே மருத்துவப் பணி தொடங்கிய பழங்குடியினர் நல அமைப்பின் துணையோடு, ஒரு சில பழங்குடி விவசாயிகள் ஆரம்பித்த முயற்சி, சிட்டிலிங்கி இயற்கை விவசாயிகள் சங்கமாக வளர்ந்து பல நூறு குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டது. சிறுதானியத்தையும் மஞ்சளையும் மதிப்புக் கூட்டிச் சங்கமே விற்கிறது.

பி.ஜி.எஸ். எல்லாவற்றையும் தீர்க்காது. மாற்றக் காலத்தில் விளைச்சல் குறையலாம், கூடுதல் விலையும் உடனே கிடைக்காது. உறுப்பினர்கள் தயவுதாட்சண்யம் பார்த்தால் சான்றுக்கு மதிப்பில்லை. ஆகவே, சேரும் முன் விவசாயிகள் முதலில் வாங்குபவரைப் பேசி வைப்பது நல்லது. வாங்குபவர்களும் 'இயற்கை' என்ற எழுத்தை மட்டும் நம்பாமல், குழுவின் பெயரையும் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும்.