ஆபரேஷன் மதுரையில், சாப்பாடு பொட்டிப்புரத்தில்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு: சந்தேகங்களும் விளக்கங்களும்

மதுரையிலோ கோவையிலோ ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆபரேஷன் முடிந்துவிடும். சிக்கல் இல்லையென்றால் மூன்றாம் நாள், நான்காம் நாள் வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிந்தைய வருஷங்களை எல்லாம் ஓட்ட வேண்டிய இடம் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரமும் ராசிங்கபுரமும் தேவாரமும்தான். கையில் கொடுத்தனுப்பும் உணவுத் தாளில் ஓட்ஸும் ப்ரோக்கோலியும் இருக்கும். வீட்டில் இருப்பதோ கேப்பையும் மொச்சையும். சிகிச்சையின் பாதிப் பலன் இந்த இடைவெளியில்தான் தொலைந்துபோகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் அதிகம் கேட்கப்படும் சந்தேகங்களுக்கு, இங்கே கிடைப்பதை வைத்தே விளக்கம் சொல்லிப் பார்க்கலாம்.

சந்தேகம்: வயித்துக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துட்டாங்க. இனிமே வழக்கம்போலச் சாப்பிடலாம்தானே?

கொழுப்பை யாரும் உறிஞ்சுவதில்லை. அது அழகுக்காகச் செய்யப்படும் வேறொரு சிகிச்சை. இதில் கத்தி படுவது இரைப்பையில். இந்தியாவில் அதிகம் நடக்கும் ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி அகற்றிவிட்டு, 100 முதல் 150 மில்லி பிடிக்கும் ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அகற்றப்படும் பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் முதல் சில மாதங்களுக்குப் பசியே தெரியாது.

‘பைபாஸ்’ முறை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1966-ல் தொடங்கிவைத்தது. அதில் இரைப்பையின் மேற்புறத்தில் சுமார் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையை உண்டாக்கி, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டிக் கீழே இணைத்துவிடுகிறார்கள். இரும்புச் சத்தும் கால்சியமும் முக்கியமாக உடம்பில் சேருவது அந்தத் தாண்டிவிட்ட பகுதியில்தான். எனவே உங்களுக்கு நடந்தது ஸ்லீவா, பைபாஸா என்பதை நீங்கள் மட்டுமல்ல, வீட்டில் இன்னொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். “வயித்துல ஆபரேஷன்” என்று மட்டும் சொன்னால் அவசரத்தில் எந்த டாக்டருக்கும் எதுவும் விளங்காது.

சந்தேகம்: சென்னையில ஒரு பையன் இந்த ஆபரேஷன்ல இறந்துபோனதா டிவியில காட்டினாங்களே?

உண்மைதான். 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர், சென்னையை அடுத்த பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்து உயிரிழந்தார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த மருத்துவமனையின் உரிமமும் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. தேர்ந்த இடங்களில் இந்தச் சிகிச்சையால் உயிரிழப்பு நேர்வது அரிது. ஆனால் எத்தனை ரூபாய் என்று கேட்பதற்கு முன்னால், முழு வசதியுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, அறுவை மருத்துவர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், ராத்திரி சிக்கல் வந்தால் யார் பார்ப்பார் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படும் மருத்துவமனையிலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியவை வேறு. தையல் போட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டால், சில சமயம் காய்ச்சலுக்கும் வலிக்கும் முன்பே நாடித்துடிப்பு ஏறும். சும்மா படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 120-ஐத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூச்சுத் திணறல், தோள்பட்டைக்கு ஏறும் வயிற்று வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது (ரத்தக் கட்டியாக இருக்கலாம்), கறுப்பாக மலம் போவது ஆகியவற்றுக்கும் இதே விதிதான். 108-ஐக் கூப்பிடுங்கள். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே ஆபரேஷன் செய்த மருத்துவருக்கும் போன் போட்டுவிடுங்கள்.

சந்தேகம்: கம்பங்கூழும் கேப்பைக்களியும் உடம்புக்கு நல்லதுதானே, அதையே குடிச்சுக்கிட்டு இருக்கலாமா?

நல்லதுதான். ஆனால் 100 மில்லி இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் இங்கே கேள்வி. ஒரு டம்ளர் கூழில் இருக்கும் மாவிலிருந்து இரண்டு மூன்று கிராம் புரதம் கிடைத்தால் பெரிது. தேவையோ நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம். அது கிடைக்காவிட்டால் உடம்பு கொழுப்பைக் கரைப்பதோடு நிற்காமல் தசையையும் சேர்த்துக் கரைக்கும். தராசில் எண் இறங்குவதைப் பார்த்து வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஆளால் மாடிப்படி ஏற முடியாது.

முதல் இரண்டு வாரம் நீராகாரம், அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு, ஆறு முதல் எட்டு வாரத்தில் வழக்கமான உணவு என்பது பொதுவான வரிசை. மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள் கொஞ்சம் மாறும். உங்கள் மருத்துவர் சொன்னதே கணக்கு. முதல் கட்டத்தில் வடிகட்டிய பருப்புத் தண்ணீர், கொழுப்பெடுத்த கோழி சூப், நீர்மோர். ஆட்டுக்கால் சூப் குடித்தால் புரதம் கொட்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எண்ணெய் மிதக்கும் அந்த சூப் வயிற்றைப் புரட்டுவதற்குத்தான் அதிகம் உதவும். இந்த நாட்களில் 60 கிராமை உணவில் மட்டும் எட்ட முடியாது என்பதால் மருத்துவர் புரதப் பவுடர் எழுதிக்கொடுப்பார். அதைத் தண்டச் செலவு என்று நிறுத்திவிடாதீர்கள்.

வழக்கமான உணவுக்கு வந்த பிறகு கணக்கு எளிது. இரண்டு முட்டையில் 12 கிராம். 100 கிராம் சமைத்த கோழியில் சுமார் 25. பாலும் தயிருமாக 300 மில்லி சேர்ந்தால் 10. அவித்த தட்டாம்பயறோ மொச்சையோ ஒரு சின்னக் கிண்ணம் 8. ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை 5. அறுபது வந்துவிட்டது. வைகை அணை ஜிலேபிக் கெண்டை கிடைத்தால் இன்னும் வசதி, மீன் எளிதில் செரிக்கும். ஆட்டுக்கறி நார்நாராக அடைத்துக்கொள்ளும், சில மாதம் பொறுங்கள். தட்டில் புரதத்தை முதலில் சாப்பிடுங்கள், அடுத்து காய், இடம் மிச்சமிருந்தால் சோறு. மூன்று வேளையும் சோற்றைச் சுற்றியே சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டமான மாற்றம். அதற்குச் சுலப வழி எதுவும் கிடையாது.

சந்தேகம்: சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாதாமே? விக்கிச்சுன்னா?

ஒரு வாய் குடிக்கலாம். சாப்பாட்டோடு சேர்த்து டம்ளர் டம்ளராகக் குடித்தால் சின்ன இரைப்பை தண்ணீரால் நிறைந்துவிடும், அல்லது உணவை வேகமாகக் கீழே தள்ளிவிடும். சாப்பிட்டு அரை மணி கழித்து ஆரம்பித்து, நாள் முழுக்க ஒவ்வொரு மடக்காக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை போக வேண்டும். சித்திரை வெயிலில் தோட்ட வேலைக்குப் போகிறவர் பாட்டிலை இடுப்பிலேயே கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சந்தேகம்: வீரபாண்டித் திருவிழாவுல ஒரு டம்ளர் பானகம் குடிச்சதும் படபடன்னு வேர்த்துக் கொட்டிருச்சு. சாமி குத்தமா?

சர்க்கரைக் குத்தம். இனிப்புக் கரைசல் தடையில்லாமல் சிறுகுடலுக்குள் கொட்டும்போது, பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, கிறுகிறுப்பு வரும். இதை டம்பிங் என்பார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு இது அதிகம், ஸ்லீவிலும் வரலாம். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருவது இன்னொரு வகை. பானகம், ஜிகர்தண்டா, பருத்திப்பால், கடையில் பிழியும் திராட்சைச் சாறு எல்லாமே இதில் அடக்கம். கம்பம் பன்னீர் திராட்சையைப் பழமாக நாலைந்து மென்று சாப்பிடுவதில் இந்த ஆபத்து குறைவு.

சந்தேகம்: கடா வெட்டுக்குப் போனா, “என்ன மாப்ள, குருவி மாதிரி கொறிக்கிறே”ன்னு அள்ளி வைக்கிறாங்க. எப்படித் தப்பிக்க?

மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்காராமல் தனியாக ஒரு தட்டில் இரண்டு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். இருபது முப்பது நிமிடம் எடுத்து மெல்ல வேண்டிய சாப்பாட்டைப் பந்தி வேகத்தில் முடிக்க முடியாது. அடுத்த ஆள் இலைக்குக் காத்திருப்பார். வற்புறுத்துகிற அத்தைமாரிடம் சங்கடப்படாமல் ஆபரேஷனைச் சொல்லிவிடுங்கள். மறைத்துவைக்கும் வீடுகளில்தான் இந்தத் தொல்லை வருஷக்கணக்கில் ஓடுகிறது.

விருந்தின் மறுபக்கம், கொட்டகைக்குப் பின்னால் ஊற்றப்படுவது. ஆபரேஷனுக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறும், முன்பு மூன்று கிளாஸில் வந்த போதை ஒன்றிலேயே வரும். அமெரிக்காவில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேரைப் பின்தொடர்ந்து 2012-ல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் முடிந்த இரண்டாம் வருஷத்தில் குடிப் பிரச்சினை கூடியது தெரியவந்தது. முதல் வருஷம் ஒழுங்காக இருந்தவர் என்று நிம்மதியடைய முடியாது என்பதே இதன் பொருள்.

சந்தேகம்: ரெண்டு மூணு நாளா வாந்தி. பக்கத்துல கிளினிக்ல ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திக்கிட்டா சரியாப் போயிருமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வெட்டி வைப்பதானால் இதை வெட்டி வையுங்கள்.

சோர்வென்றால் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது நம் ஊர் வழக்கம். டாக்டர் வேண்டாம் என்றாலும் கேட்டு வாங்குவோம். எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆனவருக்கு அது ஆபத்தாக முடியலாம். தயாமின் எனப்படும் பி1 வைட்டமினை உடம்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் சேமித்துவைக்கும். சரியாகச் சாப்பிடாமல், வாந்தியும் தொடர்ந்தால் அது தீர்ந்துபோகும். குளுக்கோஸை எரிக்கத் தயாமின் வேண்டும். மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் ஏற்றுகிற குளுக்கோஸ் காலி செய்துவிட்டால் மூளை பாதிக்கப்படும். பார்வை இரட்டையாகத் தெரியும், கண்விழி தானாக ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். வெர்னிக்கி மூளைநோய் என்பது இதன் பெயர். ஆபரேஷன் முடிந்து ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள்தான் அதிகம் வருகிறது. கவனிக்காமல் விட்டால் ஞாபக மறதி நிரந்தரமாகத் தங்கிவிடும்.

இத்தனைக்கும் தயாமின் ஊசி விலை மலிவானது. குளுக்கோஸுக்கு முன்னால் அதைப் போட வேண்டும், அவ்வளவுதான். வெறும் சலைன் ஏற்றுவதில் இந்தச் சிக்கல் இல்லை. கிளினிக் மருத்துவர் மேல் பழி போட்டுப் பயனில்லை. எதிரில் இருப்பவர் ஆபரேஷன் ஆனவர் என்று யாரும் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? ஆபரேஷன் வகை, தேதி, மருத்துவர் போன் எண், ‘குளுக்கோஸுக்கு முன் தயாமின்’, ‘டைக்ளோஃபெனாக் வேண்டாம்’, ‘மருத்துவரைக் கேட்காமல் மூக்குவழிக் குழாய் வேண்டாம்’ என்று ஒரு சின்ன அட்டையில் எழுதி, ஆதார் அட்டையோடு பர்ஸில் வையுங்கள். ஒரு நாளைத் தாண்டி வாந்தி நீடித்தாலே ஆபரேஷன் செய்த இடத்துக்குச் சொல்லிவிட வேண்டும். தொடர்ந்த வாந்தி குடலோ இரைப்பையோ குறுகியதற்கான அறிகுறியாகவும் இருக்கலாம்.

சந்தேகம்: டைக்ளோஃபெனாக் ஏன் வேண்டாம்? ஏலத் தோட்டத்துல இருந்து இறங்கி வந்தா இடுப்பு வலிக்கு அந்த ஊசிதான் கேக்குது.

பைபாஸ் ஆனவருக்கு இரைப்பைப் பையும் குடலும் சேரும் இடத்தில் அது புண்ணை உண்டாக்கும், ஓட்டையும் விழலாம். மாத்திரையாகப் போகாமல் ஊசியாகப் போட்டாலும் ரத்தம் வழியாக அதே வேலையைத்தான் செய்யும். இபுபுரோஃபெனும் அப்படியே. ஸ்லீவ் ஆனவரும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. வலிக்குப் பாரசிட்டமால் போதும். பீடி, சிகரெட்டும் அதே புண்ணுக்கு வழி.

வேலையைப் பொறுத்தவரை, நடையை ஆபரேஷன் அன்றே தொடங்கிவிடுவார்கள். கால் ரத்தக் கட்டியைத் தடுக்க அது அவசியம். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்குவதை ஆறு வாரம் வரை தள்ளிப்போடுங்கள். போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போவதும் அந்தக் கணக்கில்தான் வரும்.

சந்தேகம்: சர்க்கரை இறங்கிருச்சு, மாத்திரையை நானே நிறுத்திட்டேன். சத்து மாத்திரை மட்டும் எத்தனை நாளைக்கு?

சர்க்கரை மாத்திரையைக் குறைக்க வேண்டியது சரிதான். கிளைமிபிரைடும் இன்சுலினும் பழைய அளவிலேயே போனால் சர்க்கரை ஒரேயடியாகத் தாழும். ஆனால் எதை எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதுவே.

சத்து மாத்திரை ஆயுள் முழுவதும். பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம். கால்சியத்தில் சிட்ரேட் வகை நல்லது, அமிலம் குறைந்த இரைப்பையிலும் உடம்பில் சேரும். இரும்பு மாத்திரையும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும் என்பதால் இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரம் வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடு போட்டால் போட்டும் போடாத மாதிரிதான். முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, பிறகு வருஷம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. மூன்றாம் மாதம் முடி கொட்டினால் பயப்பட வேண்டாம். வேகமாக எடை குறையும்போது வருவது அது, பெரும்பாலும் திரும்ப முளைக்கும். ஒரு வருஷம் கழித்தும் கொட்டினால் இரும்பும் புரதமும் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சந்தேகம்: ரெண்டு வருஷத்துல கொஞ்சம் கூடிருச்சு. ஆபரேஷன் தோத்துப்போச்சா?

சுவீடனில் 1987-ல் தொடங்கிப் பல ஆண்டு பின்தொடர்ந்த பெரிய ஆய்வு இருக்கிறது. அதில் பைபாஸ் ஆனவர்கள் முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் தங்கள் எடையில் 32 சதவீதம் வரை குறைந்தார்கள். பிறகு கொஞ்சம் ஏறி, பத்தாம் வருஷத்தில் 25 சதவீதக் குறைவில் நின்றது. 120 கிலோ ஆள் 82 வரை போய் 90-ல் நிற்பது போல. அது தோல்வியல்ல. நொறுக்குத் தீனியும் இனிப்பு டீயும் திரும்ப நுழைந்து மாதாமாதம் ஏறுவது வேறு விஷயம். அப்போது வெட்கப்பட்டுக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் இருப்பவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

சந்தேகம்: மதினிக்குப் போன வருஷம்தான் ஆபரேஷன். இப்போ குழந்தை பெத்துக்கலாமா?

12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். எடை சரசரவென்று இறங்கும் காலத்தில் கருவுக்குச் சத்துப் போதாது. எடை குறைந்ததும் மாதவிடாய் சீராகி எதிர்பாராமல் கரு தங்குவதும் உண்டு. பைபாஸ் ஆனவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராமல் போகலாம், அதனால் காப்பர்-டி போன்ற வேறு வழியைக் கேளுங்கள்.

கர்ப்பம் உறுதியானால், கிராம சுகாதார செவிலியரிடம் பிக்மி எண்ணுக்குப் பதியும்போதே ஆபரேஷனைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் அனைவருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்ப்பது வழக்கம். பைபாஸ் ஆனவர் அதைக் குடித்தால் திருவிழாப் பானகக் கதைதான், முடிவும் சரியாகக் காட்டாது. அவருக்கு வீட்டிலேயே ஒரு வாரம் விரல் நுனியில் குத்தி, வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை அளந்து எழுதி வருவது மாற்று வழி. டம்ளரைக் கையில் வாங்கும் முன் மருத்துவ அலுவலரிடம் அட்டையைக் காட்டி அந்த மாற்று வழியைக் கேட்டு வாங்குங்கள்.