ஒரே அடுப்பு, இரண்டு தீர்ப்பு

லாஸ் ஏஞ்செல்ஸ் நகரத்தில் கிழக்கு ஹாலிவுட் பக்கம், 1999-ஆம் ஆண்டில் நகரசபையார் 'தாய் டவுன்' என்று பெயரிட்ட வட்டாரம் ஒன்று இருக்கிறது. தாய்லாந்து தேசத்தார் நடத்தும் உணவகங்கள் நெருங்கியிருக்கும் அந்த வீதிகளில் உணவகம் ஏதேனும் ஒன்றைக் குறிப்பிட்டு, அங்கே சாப்பிட்டு வந்தவர்களை விசாரித்தால், ஒருவர் தேவாமிர்தம் என்று கொண்டாடுவதும், மற்றொருவர் சர்க்கரைப் பாகில் நூடுல்ஸைப் புரட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று அலுத்துக்கொள்வதும், வேறொருவர் நாக்கு வெந்துபோன கதையைச் சொல்வதும், இன்னொருவர் உப்புமில்லை உறைப்புமில்லை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவதும் சகஜம். இவர்களில் யாரும் பொய் சொல்பவர் அல்லர். அவர்கள் போனது ஒரே உணவகம்; உண்டது ஒரே உணவு அன்று என்பதுதான் விஷயம்.

அமெரிக்காவிலுள்ள தாய்லாந்து உணவகங்களில் பரிமாறுபவர் தவறாமல் கேட்கும் கேள்வி, காரம் எந்த அளவுக்கு வேண்டும் என்பது. சில இடங்களில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டே வைத்திருப்பார்கள். வேறு சில இடங்களில், எல்லாவற்றுக்கும் மேலான படியாக, 'தாய்லாந்துக் காரம்' என்று தனியே ஒன்று இருக்கும். கேள்வி என்னவோ பொதுவானதுதான்; ஆனால் பதிலைக் கேட்டுக்கொண்டு சமையலறைக்குள் போகிறவர், கேட்ட எண்ணோடு கேட்டவரின் முகத்தையும் சேர்த்தே கொண்டு போகிறார். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று நான்கு என்று சொன்னால் அது அடுப்படியில் இரண்டாகிவிடும். பாங்காக்கிலிருந்து வந்த மாணவன் சொல்லும் நான்கு, நான்காகவே இருக்கும். இதை வஞ்சனை என்று நான் சொல்லமாட்டேன். உறைப்புத் தாங்காமல் ஒரு தட்டு திரும்பி வந்தால் நஷ்டம் முதலாளிக்கு. உறைப்புக் குறைந்துபோனாலோ வந்தவர் முணுமுணுத்துக்கொண்டாவது சாப்பிட்டுப் பணம் கொடுத்துவிட்டுப் போவார். வியாபாரம் தெரிந்தவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இந்த இரட்டைச் சமையலுக்கு நல்ல திருஷ்டாந்தம், லாஸ் ஏஞ்செல்ஸின் சன்செட் சாலையில் உள்ள 'ஜித்லாடா' என்னும் உணவகம். 2006-ஆம் ஆண்டில் தென் தாய்லாந்தைச் சேர்ந்த ஓர் அண்ணனும் தங்கையும் அதை வாங்கி நடத்தத் தொடங்கினார்கள். எல்லோரும் அறிந்த பதார்த்தங்கள் ஆங்கிலத்தில் அச்சிட்ட பட்டியலில் முன்பக்கம் இருந்தன. தங்கள் ஊர்ச் சமையலையோ அவர்கள் பட்டியலின் பின்பக்கத்தில் தாய் பாஷையில் மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். தாய்லாந்துச் சமையலில் மோகம் கொண்ட ஒருவர் அந்தப் பக்கத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்க, உணவக விமர்சகர் ஜானதன் கோல்ட் 2007-ல் அதைப் பற்றி எழுத, ஊர் முழுவதும் அங்கே திரண்டது. உணவக விமர்சகர் ஒருவருக்குப் புலிட்ஸர் பரிசு முதன்முதலாகக் கிடைத்தது அந்த ஆண்டில்தான். பெற்றவர் இதே கோல்ட். கோல்ட் எழுதுவதற்கு முன்னால் ஜித்லாடாவுக்குப் போய் முன்பக்கத்தைப் பார்த்துச் சாப்பிட்டவரும், பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்து சாப்பிட்டவரும் சந்தித்துப் பேசியிருந்தால், இருவரும் ஒரே இடத்தைத்தான் சொல்கிறார்கள் என்று நம்புவதே கடினமாக இருந்திருக்கும். பின்பக்கத்தில் இருந்த 'குவா கிளிங்' என்பது கொத்திய இறைச்சியை மஞ்சள், எலுமிச்சைப்புல், மிளகாய் அரைத்த விழுதோடு, காரத்தைத் தணிக்கத் தேங்காய்ப்பால் ஒரு துளியும் இல்லாமல், ஈரம் வற்றும்வரை வறுத்தெடுப்பது. முன்பக்கத்து இனிப்புக்குப் பழகிய நாக்குக்கு அது தண்டனையாகவே தோன்றும்.

அந்த முன்பக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். உலகம் முழுவதும் தாய்லாந்துக்குப் பிரதிநிதியாக விளங்கும் 'பாட் தாய்' என்னும் நூடுல்ஸ் பரம்பரைப் பதார்த்தம் அன்று. 1930-களின் கடைசியிலும் 40-களிலும் பிபூன்சொங்கிராம் என்னும் பிரதம மந்திரி தேசிய உணர்ச்சியை வளர்க்க முற்பட்ட காலத்தில், அரசாங்கத்தின் ஆதரவோடு பரவியது அது. அரசாங்கம் அத்துடன் நின்றுவிடவில்லை. அந்நிய நாடுகளில் தங்கள் உணவகங்களைப் பெருக்குவதற்கென்று 2002-ல் ஒரு திட்டம் வகுத்தார்கள். தரமானவை என்று தேர்ந்தவற்றுக்கு வர்த்தக அமைச்சகம் 'தாய் செலக்ட்' என்னும் முத்திரையையும் வழங்குகிறது. பாட் தாய், பச்சைக் குழம்பு, டாம் யம் என்று எந்த ஊருக்குப் போனாலும் பட்டியல் ஒன்றுபோலவே இருப்பதில் சௌகரியம் உண்டு. ஆனால் பாட் தாயில் புளியும் பனைவெல்லமும் சேரவேண்டிய இடத்தில் தக்காளி சாஸைக் கொட்டிச் சிவப்பாக்கித் தரும் உணவகத்தையும், முறைப்படி செய்யும் உணவகத்தையும் பட்டியலை மட்டும் பார்த்து வேறுபடுத்த முடிவதில்லை.

சாப்பிடுகிறவர்கள் பக்கமும் கொஞ்சம் குற்றம் உண்டு. தாய்லாந்தில் நாலைந்து பேர் கூடி உட்கார்ந்து, உறைப்பாக ஒன்று, புளிப்பாக ஒன்று, சாதுவாக ஒன்று என்று வரவழைத்து, எல்லாவற்றையும் நடுவில் வைத்துச் சோற்றோடு பகிர்ந்து உண்பார்கள். ஒரு பதார்த்தத்தின் குறையை மற்றொன்று நிரப்பும் என்று எண்ணியே ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தூக்கலாகச் சமைக்கப்படுகிறது. தனியாகப் போய், பச்சைக் குழம்பு ஒன்றை மட்டும் வரவழைத்துக்கொண்டு, அதைக் கரண்டியால் மொண்டு குடித்துவிட்டுத் திகட்டுகிறது என்று சொல்பவர், வத்தக்குழம்பைச் சோறில்லாமல் குடித்துவிட்டுப் புளிக்கிறது என்பவருக்குச் சமானம். நூடுல்ஸ் கடைகளில் மேஜைமேல் நான்கு கிண்ணிகள் இருக்கும். மீன் சாற்றில் ஊறிய மிளகாய், காடியில் ஊறிய மிளகாய், வறுத்த மிளகாய்த் தூள், சர்க்கரை. உண்பவர் இவற்றைக் கலந்து தம் கிண்ணத்தைத் தாமே முடித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை எதற்கு என்று விளங்காமல் அதை ஒதுக்கி வைத்துவிட்டு வெளியே வந்து குறை சொல்பவர்கள் அநேகர்.

பச்சைப் பப்பாளியில் செய்யும் 'சோம் தம்' இந்த விஷயத்தில் மிகவும் நேர்மையானது. மண் உரலில் முதலில் பூண்டும் மிளகாயும் விழும். மரக்குழவியால் இரண்டு மூன்று இடி. பிறகு பனைவெல்லம், நீளமான பயற்றங்காய், தக்காளி, உலர்ந்த இறால், வேர்க்கடலை, எலுமிச்சைச் சாறு, மீன் சாறு, கடைசியில் சீவிய பப்பாளி. ஒரு கையால் குழவியை மெல்ல இடித்துக்கொண்டே, மறு கையிலுள்ள கரண்டியால் அடியிலிருப்பதை மேலே புரட்டிக்கொண்டிருப்பார்கள். மிளகாய் எத்தனை என்று கேட்டுத்தான் உரலில் போடுவார்கள். வழியில் ருசி பார்த்து, இன்னும் கொஞ்சம் புளிப்பா, இனிப்பா என்றும் கேட்பார்கள். தாய்லாந்தின் வடகிழக்கிலுள்ள ஈசான் பிரதேசத்து முறைப்படி ஊறிப் புளித்த மீனைச் சேர்த்தால் அதன் நாற்றம் புதியவரை எழுந்து ஓடச் செய்யும்; அந்த நாட்டாருக்கோ அதில்லாவிட்டால் சோம் தம்மே இல்லை. (மிளகாயும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் கப்பல்களில் ஆசியாவுக்கு வந்தவை என்பதை நினைக்கும்போது, லாஸ் ஏஞ்செல்ஸில் நடக்கும் இந்தக் காரச் சண்டை கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.)

இவ்வளவும் சொன்னதால் சமையலறையில் குற்றமே இல்லை என்று ஆகாது. தேங்காய்ப்பாலின் கெட்டிப் பாகத்தை எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி, அந்த எண்ணெயில் விழுதை வதக்குவதுதான் குழம்புக்கு உயிர். டப்பாவில் வரும் தேங்காய்ப்பால் பலவற்றில், பிரியாமலிருக்கவென்றே மருந்து சேர்த்திருப்பதால் எண்ணெய் லேசில் பிரிவதில்லை. பொறுமையற்ற சமையற்காரர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கொதிக்கவிட்டு, வாசனையில்லாத பச்சைத் தண்ணீரை அனுப்பிவிடுகிறார். வெள்ளிக்கிழமை இரவில் கூட்டம் நெரியும்போது, ஒரு தட்டுக்குரிய வாணலியில் நான்கு தட்டுக்குரிய நூடுல்ஸைப் போட்டால் சூடு இறங்கி, வறுபடவேண்டியது வெந்து கட்டிபிடித்துப் போகும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனவரும் வெள்ளிக்கிழமை இரவு போனவரும் மாறி மாறிச் சாட்சி சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று தோன்றுகிறது.

சைவ உணவுக்காரர்கள் பாடு தனி. இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் இறைச்சியை நீக்கிவிடுவார்கள். மீன் சாறு நிற்கும். மீன் சாறும் கூடாது என்று விளக்கினால் அதையும் விடுவார்கள். குழம்பு விழுதோடு ஏற்கனவே அரைபட்டிருக்கும் இறால் சாந்தை யாராலும் பிரித்தெடுக்க இயலாது. தாய்லாந்திலேயே சீன பௌத்தர் வழக்கப்படி பூண்டு வெங்காயமும் விலக்கி உண்ணும் 'ஜே' என்னும் விரத உணவு உண்டு. அந்தச் சொல்லைச் சொன்னால் பல உணவகங்களில் விஷயம் உடனே புரிந்துவிடும். இல்லையென்றால், விழுதை இங்கேயே அரைக்கிறீர்களா, டப்பாவிலிருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டு, டப்பா என்றால் அதன் மேலிருக்கும் சீட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் உட்காருவது உத்தமம்.