வயிற்றில் இலக்கம் பொறித்த எஞ்சின்

மனிதர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டி மகிழும் வழக்கம் எல்லா ஊர்களிலும் உண்டு. அமெரிக்காவிலே மோட்டார் சைக்கிள் பிரியர்கள் அந்த மரியாதையை எஞ்சின்களுக்கும் அளித்திருக்கிறார்கள். மில்வாக்கி நகரத்து ஹார்லி-டேவிட்சன் கம்பெனியார் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட எஞ்சினின் தலைப்பாகம், மடக்கிய கைவிரல் முட்டிகளைப் போலப் புடைத்திருந்தபடியால் அதற்கு 'முட்டித்தலை' என்று பெயராயிற்று. 1948இல் அதன் இடத்துக்கு வந்த எஞ்சினிலோ, வால்வுகளை மூடிய பளபளப்பான மூடிகள் அடுக்களைச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாற்போல் தோன்றின. உடனே அது 'சட்டித்தலை' ஆகிவிட்டது. 1949இல் ஹைட்ரா-கிளைட், 1958இல் டுவோ-கிளைட், 1965இல் எலெக்ட்ரா-கிளைட் என்று கம்பெனியார் கம்பீரமான நாமங்களைச் சூட்டிப் பார்த்தும், எஞ்சினைப் பொறுத்தவரையில் சட்டி என்ற பெயரே நிலைத்தது.

இந்தச் சட்டித்தலை 1965 வரையில் பதினெட்டு ஆண்டுகள் உற்பத்தியாயிற்று. கடைசியாக வெளிவந்த வண்டிக்கே அறுபது வயதாகிவிட்டது. ஆயினும் பொருட்காட்சிச்சாலையில் ஓய்வெடுக்காமல் இன்றும் நெடுஞ்சாலைகளில் ஓடிக்கொண்டிருப்பவை பல. அவற்றை ஓடச் செய்வது எப்படி, ஓடாமற் செய்வது எது என்பதே நாம் இங்கு கவனிக்கவிருக்கும் விஷயம்.

முதலில் யந்திரத்தை அறிமுகம் செய்துகொள்வோம். ஆங்கில 'வீ' எழுத்தைப் போல 45 பாகைக் கோணத்தில் சாய்ந்து நிற்கும் இரண்டு சிலிண்டர்கள். பெரிய எஞ்சினில் ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ 87 மில்லிமீற்றர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 100 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். இரண்டுமாக 1,200 கன சென்ரிமீற்றருக்கு மேல் வரும். இரு பிஸ்டன்களின் தண்டுகளும் ஒரே கிராங்க் முளையைத்தான் பற்றியிருக்கின்றன. ஒரு தண்டின் அடி கவடு போலப் பிளந்திருக்க, மற்றதன் அடி அந்தக் கவட்டின் நடுவே நுழைந்து நிற்கும். இதனால் இரண்டு வெடிப்புகளும் சம இடைவெளியில் நிகழ்வதில்லை. ஒரு வெடிப்புக்குப் பின் 315 பாகை சுழன்றதும் அடுத்தது. அதன்பின் 405 பாகை சுழன்ற பிறகே மற்றது. தாளம் தப்பியது போலத் தட்டித் தட்டிக் கேட்கும் அந்த ஓசையின் இரகசியம் இதுவே. இந்த ஓசையைத் தமது வியாபார முத்திரையாகப் பதிவு செய்யவேண்டுமென்று கம்பெனியார் 1994இல் விண்ணப்பித்து, எதிர்ப்புகளுக்கிடையே ஆறு ஆண்டுகள் வாதாடி, 2000இல் கைவிட்டார்கள். சத்தத்துக்கு உரிமை கோரியவர்கள் அவர்கள்; அதை நாள் முழுதும் கேட்கும் அயலவர்கள் என்ன கோருவார்களோ!

இனி, இந்த வண்டியின் உயிர்நிலை எதுவென்று பார்ப்போம். சட்டித்தலையின் பாகங்களில் அநேகமாக எல்லாவற்றையும் இன்று புதிதாக வாங்கலாம். தலை, சிலிண்டர், பிஸ்டன், காபரேற்றர், பெற்றோல் தாங்கி, சட்டம், ஆசனம் எல்லாவற்றுக்கும் மறு உருவங்கள் செய்து விற்கும் கம்பெனிகள் உண்டு. முழு எஞ்சினையே புதிதாகச் செய்து தருவாரும் உளர். ஆனால், எஞ்சினின் அடிப்பாகத்தில் கிராங்க் சுழலும் அலுமினியக் கூடு இருக்கிறதே, அதற்கு மாத்திரம் ஈடு கிடையாது. காரணம், அதன் இடப்பக்கத்தில், இரு சிலிண்டர்களும் கூடும் கவட்டின் கீழே, வண்டியின் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டு, வகை, வரிசை எண் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். 1970க்கு முன் வெளிவந்த ஹார்லி வண்டிகளின் சட்டத்தில் இலக்கமே இல்லை. அமெரிக்க மாநிலங்களின் பதிவேடுகளில் எஞ்சின் இலக்கமே வண்டியின் இலக்கம். ஆகவே அந்தக் கூடு உடைந்து போனால், மற்றெல்லாம் நலமாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அந்த வண்டி இறந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அந்தக் கூடு இரண்டு பாதிகளாலானது. தொழிற்சாலையில் இரண்டையும் சேர்த்து வைத்தே துளையிட்டுக் கடைந்தார்கள். எனவே ஒரு வண்டியின் இடப்பாதி மற்றொன்றின் வலப்பாதியோடு செவ்வையாகப் பொருந்தாது. இன்ன பாதிக்கு இன்ன பாதி சோடி என்று காட்டுவதற்காக, இரண்டின் அடிவயிற்றிலும் ஒரே எண்ணைப் பொறித்தார்கள். 'வயிற்று இலக்கம்' என்றே பிரியர்கள் அதனைக் கூறுவர். விவாகப் பொருத்தம் பார்ப்பவர் சாதகத்தைப் புரட்டுவது போல, வாங்க வருபவர் கண்ணாடித் துண்டொன்றைக் கையிலேந்தித் தரையிற் படுத்து இந்த இலக்கங்களைத் தேடுவதைக் காணலாம்.

இந்தக் கூட்டுக்குப் பெரும் பகை எண்ணெய்க் குறைவுதான். சட்டித்தலையின் எண்ணெய், எஞ்சினின் அடியிலே தங்குவதில்லை. ஆசனத்தின் கீழுள்ள தனித் தாங்கியில் ஏறத்தாழ ஒரு அமெரிக்க கலன், அதாவது நாலு லீற்றருக்குச் சற்றுக் குறைவாக, நிரம்பியிருக்கும். அங்கிருந்து பம்பியொன்று அதனை எஞ்சினுக்கு அனுப்ப, அதே பம்பியின் மற்றொரு பகுதி, வேலை முடிந்த எண்ணெயைத் தாங்கிக்குத் திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்பும் பற்சில்லுகள் மற்றவற்றிலும் பருத்தவை. கொடுப்பதிலும் பார்க்க எடுப்பது விரைவாக நடந்தால்தான் கூட்டில் எண்ணெய் தேங்காது.

எஞ்சின் நின்றபின் தாங்கியிலுள்ள எண்ணெய் தானாகக் கீழே வடியாதபடி, பம்பியில் ஒரு சிறு உருக்குக் குண்டு சுருள்வில்லின் பலத்தால் துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கும். குண்டின் ஆசனத்தில் ஒரு தூசு ஒட்டினாலும், தேய்ந்து ஒரு கோடு விழுந்தாலும், அடைப்பு நெகிழ்ந்துவிடும். வட அமெரிக்காவிலே பனிக்காலத்தில் வண்டியை மாதக்கணக்காகப் பூட்டி வைப்பார்கள். அந்த மாதங்களில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக வடிந்து கூட்டை நிரப்பிவிடும். வசந்தம் பிறந்ததும் சொந்தக்காரர் ஆவலோடு தாங்கியைத் திறந்து பார்க்கிறார், எண்ணெய் குறைந்திருக்கிறது. ஐயோ, குடித்துவிட்டதே என்று மேலும் ஊற்றுகிறார். எஞ்சினைக் கிளப்பியதும் கூட்டில் தேங்கியதெல்லாம் மூச்சுக்குழாய் வழியே பீறிட்டு நிலத்தை நனைக்கிறது. நிறை வயிற்றுக்காரனுக்குப் பசி என்று மேலும் படைத்த கதைதான்.

செய்யவேண்டியது யாதெனில், கிளப்புவதற்கு முன் கூட்டின் அடியிலுள்ள வடிகாற் திருகாணியைக் கழற்றித் தேங்கியதை ஒரு பாத்திரத்தில் வடித்துவிடவேண்டும். பின்னர் குண்டையும் அதன் ஆசனத்தையும் கழுவிச் செப்பனிடவேண்டும். எண்ணெயின் அளவை, வண்டி ஓடிச் சூடேறிய பின்னரே பார்க்கவேண்டும்.

சிலர் சோம்பலினாலே வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். தாங்கிக்கும் பம்பிக்கும் இடையே ஒரு குழாய்த் திறப்பை வைத்து, வண்டியை நிறுத்தியதும் மூடிவிடுவது. மூடுவது எல்லார்க்கும் ஞாபகமிருக்கும். மறுநாள் திறக்க மறப்பதல்லவா ஆபத்து! எண்ணெயின்றிச் சுழலும் கிராங்க் முளை சற்று நேரத்தில் நீலம் பாரித்து இறுகும், தண்டு முறியும், முறிந்த தண்டு கூட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஒரு குண்டைக் கழுவும் அரைமணி நேர வேலையை மிச்சப்படுத்தப் போய் வண்டியின் இலக்கத்தையே பணயம் வைக்கலாமா? அந்தத் திறப்பை நாம் எவருக்கும் சிபார்சு செய்யமாட்டோம். ஒவ்வொரு முறை கிளப்பிய பின்னும் தாங்கியின் மூடியைத் திறந்து, திரும்பி வரும் எண்ணெய் உள்ளே கொட்டுகிறதா என்று பார்ப்பது எவ்வளவோ மேல்.

முளை தேய்ந்துவிட்டால் கூட்டைப் பிரிப்பதைத் தவிர வேறு மார்க்கமில்லை. உள்ளே இரண்டு கனத்த பறப்புச் சில்லுகள் உண்டு. அவற்றை முளை கூம்பு முனைகளால் இணைக்கிறது. புதிய உருளைத் தாங்கிகளைப் பொருத்தி, சுரைகளை இறுக்கியபின், இரண்டு சில்லுகளும் ஒரே அச்சில் சுழலும்படி நேராக்கவேண்டும். இதுதான் வேலையின் சிகரம். மெக்கானிக் சில்லுகளை இரு முனைகளுக்கிடையே தொங்கவிட்டுச் சுழற்றி, அளவுமானியின் முள் ஆடுவதைக் கவனிக்கிறார். ஆட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படக்கூடாது. அதாவது தலைமயிரின் கனத்தில் பாதிகூட இல்லை. அத்துணை நுண்ணிய கோணலைத் திருத்த அவர் கையிலெடுக்கும் ஆயுதமோ ஒரு பெரிய செப்புச் சுத்தியல்! ஓங்கி ஓர் அடி. மீண்டும் சுழற்றிப் பார்த்தல். மறுபக்கத்தில் இன்னோர் அடி. முதன்முறையாகப் பார்ப்பவருக்கு யந்திரத்தைச் சேதப்படுத்துகிறார் என்றே தோன்றும். எங்கே அடிப்பது, எவ்வளவு அடிப்பது என்பது கைக்குத் தெரிந்த வித்தை. அறிந்தவர் பக்கத்தில் நின்று பழகினாலொழிய வருவதரிது.

எண்ணெய்க்கு அடுத்தபடியாகக் கவனிக்கவேண்டியது காற்றுக் கசிவு. காபரேற்றரிலிருந்து இரு தலைகளுக்கும் செல்லும் குழாயின் மூட்டுகள், 1954 வரையிலான எஞ்சின்களில் பித்தளை வளையமும் பெருஞ் சுரையும் கொண்டவை. 1955 முதல் இறப்பர் வளையம் பூண்டவை. சூடேறும்போது சிலிண்டர்கள் நீள்வதால் இந்த மூட்டுகள் ஓயாது அசைகின்றன. மூட்டு நெகிழ்ந்து காற்று புகுந்தால் பெற்றோற் கலவை மெலியும். மெலிந்த கலவை அதிகச் சூட்டைப் பிறப்பிக்கும். காற்றோட்டம் குறைந்த பின் சிலிண்டர்தான் முதலில் அவதிப்படும். ஓடும் எஞ்சினின் மூட்டில் சிறிது எண்ணெய் பீச்சினால் கசிவு உறிஞ்சுவது புலப்படும். தலைகளைத் திரும்பப் பூட்டுகையில் ஆணிகளை முழுதும் இறுக்கிவிடாமல், குழாயை முதலில் நேராகப் பொருத்தியபின் இறுக்குவது நல்லது. அலுமினியத் தலைகளில் புரிகள் இலகுவில் உருவிப்போகும் என்பதால் கையின் பலத்தைக் காட்ட வேண்டியதில்லை.

காபரேற்றருக்கு இக்காலத்தில் ஒரு புது நோயும் வந்திருக்கிறது. பழைய லிங்கேர்ட் காபரேற்றர்களின் மிதவை தக்கையினாலானது. அரக்கு மெழுகு பூசப்பட்டது. இன்றைய அமெரிக்கப் பெற்றோலில் சாதாரணமாகப் பத்தில் ஒரு பங்கு எதனோல் என்னும் மதுசாரம் கலந்திருக்கிறது. அது பூச்சைக் கரைத்துவிட, தக்கை பெற்றோலை உறிஞ்சி அமிழ்ந்து போகும். அதற்கு ஈடாகப் புதிய பொருளால் செய்த மிதவைகள் கிடைக்கின்றன.

மின்பொறி விஷயம் அவ்வளவு சிக்கலானதன்று. பெரும்பாலான வண்டிகளில் ஒரே மின்சுருள் இரண்டு பிளக்குகளுக்கும் ஒரே சமயத்தில் பொறி அனுப்புகிறது. ஒன்று பயன்பட மற்றது வீணாகும். தொடுமுனைகளின் இடைவெளி 0.022 அங்குலம். உதைத்துக் கிளப்புமுன், 1964 வரையிலான வண்டிகளில் இடக்கைப் பிடியைத் திருகிப் பொறியைப் பின்தள்ளிக்கொள்ளவேண்டும். மறந்தால் மிதி திருப்பி உதைக்கும். கணுக்கால் எலும்பு அதன் பலத்துக்கு நிகரன்று.

இவ்வளவு சிரமப்பட்டுக் காப்பாற்றப்படும் இதே வண்டிகளை ஒரு காலத்தில் வெட்டி எறிந்தார்கள் என்றால் நம்புவது கடினம். 1950களிலும் 1960களிலும் பொலிசார் கழித்துவிட்ட ஹார்லிகளை மலிவாக ஏலத்தில் எடுத்து, மட்காட்டையும் தாங்கியையும் கழற்றி வீசி, முன் கவரை நீட்டிச் 'சொப்பர்' செய்வது இளைஞர்களிடையே நாகரிகமாயிருந்தது. 1969இல் வெளியான 'ஈஸி ரைடர்' திரைப்படத்தில் பீற்றர் பொண்டா ஏறிச்சென்ற கொடி வர்ணம் பூசிய வண்டியும், பொலிசாரிடமிருந்து வந்த ஒரு சட்டித்தலையே. அவ்வண்டிகளை உருவாக்கியவர்கள் கிளிஃப் வோஸ், பென் ஹார்டி என்ற கறுப்பின அமெரிக்கர் இருவர். அவர்களுடைய பெயர்கள் நெடுங்காலம் வெளியே தெரியவில்லை. படத்துக்கென நான்கு வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றுட் சில திருடப்பட்டு மறைந்தன. 2014இல் எஞ்சிய ஒன்று என்று சொல்லப்பட்ட வண்டி பத்து லட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. அது உண்மையானதுதானா என்ற சர்ச்சையும் கூடவே எழுந்தது. மாற்றி மாற்றிப் பூட்டிய யந்திரத்தில் எது பழையது, எது புதியது என்று யார் அறுதியிட்டுச் சொல்வது?

வாங்க நினைப்பவர் ஆகையால் வர்ணத்தையும் குரோமியப் பளபளப்பையும் கடைசியிலே பார்க்கலாம். முதலில் இடப்பக்கத்து இலக்கத்தின் எழுத்துகள் அராவித் திரும்பப் பொறிக்கப்பட்டனவா என்று உற்று நோக்கவேண்டும். பின்னர் கூட்டின் முன்புறத்தையும் சங்கிலிப் பக்கத்தையும் விரலால் தடவி, ஒட்டுப்போட்ட தழும்பு இருக்கிறதா என்று அறியவேண்டும். அதன்பிறகு கண்ணாடியோடு கீழே படுத்து, வயிற்று இலக்கங்கள் இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதி ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.